சுவாதீனமும் சமாதான உத்தரவும்

நிலத் தகராறு முற்றிக் கைகலப்பு மூளும் என்று அஞ்சத்தக்க நிலையில், பாத்தியதை யாருடையது என்று ஆராயாமல், சுவாதீனத்தில் இருப்பவர் எவர் என்பதை மட்டும் கண்டறிந்து அவரைக் காக்கும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 145-ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 164-ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. கட்டடம், சந்தை, விளைபயிர், வாடகை ஆகியவையும் இதில் அடங்கும். ஆகவே உழுபவருக்கும், கூடம் வாடகைக்கு எடுத்துத் தறி போட்டிருப்பவருக்கும் இது அந்நிய விஷயமன்று.

போலீஸ் அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைத்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரையே சுவாதீனத்தில் இருப்பவராகக் கருதலாம். எளியவனுக்கு மிகவும் வேண்டிய ஏற்பாடு இது. பூட்டை உடைத்துத் தறியை வெளியே எறிந்தவன், 'இப்போது உள்ளே இருப்பவன் நான்தானே' என்று வாதாட முடியாது. பம்பாய் வழக்கொன்றில் இவ்விதம் வெளியேற்றப்பட்டவருக்கு மாஜிஸ்திரேட் இடத்தைத் திரும்ப அளித்தார். ஹைக்கோர்ட் அதை ரத்து செய்தது. 1968-இல் சுப்ரீம் கோர்ட் மாஜிஸ்திரேட்டின் பக்கமே நின்றது. அவர் திருப்தி கொள்வதற்கு இருந்த ஆதாரம் போதுமா என்று ரிவிஷனில் எடை போடலாகாது என்றது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் ஆதாரம் போதுமா என்பது வேறு. காரணமே எழுதப்படவில்லை என்பது வேறு. சமாதானத்துக்கு ஏன் பங்கம் நேரும் என்று மாஜிஸ்திரேட் காரணம் காட்டி எழுதவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. 'அறிக்கையைப் பார்த்தேன், திருப்தியடைந்தேன்' என்று எழுதுவது காரணம் ஆகுமா? அத்தகைய உத்தரவை ரிவிஷன் கோர்ட் தயங்காமல் தள்ளவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். முக்கியமாக ஜப்தி விஷயத்தில் இது அவசியம். 'அவசரம்' என்ற ஒரே சொல்லை எழுதிச் சொத்தை ஜப்தி செய்துவிடுவது சுலபம். அறுவடைக்கு நிற்கும் பயிர் அழியக்கூடியதானால் அதை விற்க உத்தரவிடச் சட்டத்தில் இடமுண்டு. பருவத்தில் நடாமல் போன நாற்றுக்கு எந்தச் சட்டம் விலை கொடுக்கும்? ஆகவே ரிவிஷன் மனு எத்தனை நாளில் தீர்க்கப்படுகிறது என்பதும் நியாயத்தின் ஒரு பகுதிதான்.

சுவாதீனத்தைப் பற்றிச் சிவில் வழக்கு நடக்கும்போது மாஜிஸ்திரேட் நடவடிக்கையும் உடன் நடத்தலாகாது என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. இதை நாம் வரவேற்கிறோம். இரண்டு கோர்ட்டுக்கும் வக்கீல் வைக்க வசதியுள்ளவன் மற்றவனை அலைக்கழித்தே சோர்வடையச் செய்துவிடுவான். சிவில் வழியிலும் விரைந்த பரிகாரம் உண்டு. 1963-ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, சம்மதமின்றிச் சட்டமுறைக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டால், பாத்தியதையை நிரூபிக்காமலே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அத்தீர்ப்பின் மேல் அப்பீலும் இல்லை.

எங்கே போனாலும் கேட்கப்படுவது சுவாதீனத்துக்கு ருசுதான். வாடகை ரசீது, கிஸ்தி ரசீது, அடங்கல் நகல் இவற்றோடு, சங்கத்தில் நூல் வாங்கிய கணக்கும் பயிர்க்கடன் பதிவும் உதவக்கூடும். அங்கத்தினர் கேட்டால் அன்றே சரிபார்த்த நகல் தருமாறு ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியையும் வேண்டுகிறோம்.