"ஹாட்ஸ்பாட் போடு மச்சி"

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லேப்ல இந்த செமஸ்டர் முழுக்க நான் அதிகமா கேட்ட வாக்கியம் இதுதான். என் டீம்மேட் பைடார்ச் இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்தான். காலேஜ் நெட்ல எரர். உடனே போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டான். சியூடா லைப்ரரிகளோட சேர்த்தா பைடார்ச் 2 ஜிபியைத் தாண்டும். அவனோட பேக் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. லஞ்ச் பிரேக்குக்குள்ள டேட்டா காலி. இன்ஸ்டாலும் பாதியில நின்னுடுச்சு.

ஃபயர்வாலே வேண்டாம்னு நான் சொல்லல. இத்தனை பேர் இருக்கிற நெட்வொர்க்குக்கு அது அவசியம். ஆனா நம்ம ரூல்ஸ் எல்லாம் பிரௌசரை மட்டும் மனசுல வெச்சுப் போட்டது. லாகின் பேஜ்ல பாஸ்வேர்ட் கொடுத்தா பிரௌசர் ஓடும். டெர்மினலுக்கு அந்தப் பேஜே தெரியாது. ப்ராக்ஸியை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சாலும், சூடோ போட்டா அந்த செட்டிங் பெரும்பாலும் கூட வராது. ஆப்ட்டுக்கு அதோட கான்ஃபிக் ஃபைல்லயே ப்ராக்ஸியை எழுதணும். பிப் பேக்கேஜைத் தேடுறது பைபிஐ தளத்துல, ஆனா ஃபைலை எடுக்கிறது பைதான்ஹோஸ்டட்ங்கிற வேற டொமைன்ல இருந்து. முதலாவதை மட்டும் திறந்துவிட்டா, பேக்கேஜ் இருக்குன்னு காட்டும், இறங்காது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரல.

இதுல ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு. ஃபயர்வால் நம்ம டிராஃபிக்கைப் பிரிச்சுப் பார்த்துட்டு, தன்னோட சர்டிபிகேட்டைப் போட்டு அனுப்புது. பிப் அதை நம்பாம நின்னுடும். பிப் செய்றது சரிதான். நாம என்ன பண்றோம்? 'ட்ரஸ்டட் ஹோஸ்ட்'னு ஒரு ஆப்ஷன் கொடுத்து செக்கிங்கையே ஆஃப் பண்றோம். எனக்கு ஒரு சீனியர் அண்ணா சொல்லிக்கொடுத்தார். நானும் ஜூனியர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாதுகாப்புக்காக வெச்ச ஒன்னு, கதவைத் திறந்து போட்டுட்டுப் போற பழக்கத்தை நமக்குக் கொடுத்திருக்கு. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துலயும் இதே கை பழக்கம்தானே வரும்?

தீர்வு பெரிய செலவும் இல்ல. ஸ்டோர் ரூம்ல கிடக்கிற ஒரு பழைய பிசி, ஒரு டெராபைட் டிஸ்க். அதுல ஆப்ட்டுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி, பிப்புக்கு டெவ்பிஐ. ரெண்டுமே இலவசம். முதல் ஆள் கேட்கும்போது ஒரு தடவை வெளியில இருந்து இறங்கும், அடுத்தவங்களுக்கு லேப்புக்குள்ளயே கிடைக்கும். 60 பேர் தலைக்கு 2 ஜிபி இறக்கினா 120 ஜிபி. கேச் இருந்தா லைன்ல வர்றது 2 ஜிபிதான். ஃபயர்வால்ல அந்த ஒரு மெஷினுக்கு மட்டும், தேவையான சில டொமைன்களைத் திறந்தா போதும். நெட்வொர்க் பார்க்கிற சாருக்கும் இது ஈஸி. சில கல்வி நிறுவனங்கள் லினக்ஸ் பேக்கேஜ்களுக்கு மிரரே நடத்துது. நாம கேட்கிறது அதுல ஒரு துளி.

காரைக்குடிக்காரங்களுக்கு இது புது ஐடியாவும் இல்ல. மழை குறைவான சீமை இது. ஓட்டுல விழற தண்ணியை முற்றத்துல பிடிச்சாங்க, ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினாங்க. வீட்டுக்கு ஒருத்தர் தனித்தனியா தண்ணி தேடி அலையட்டும்னு விடல.

அதனால டிபார்ட்மென்டுக்கு மூணு கோரிக்கை. ஒன்னு, அந்தக் கேச் மெஷின். ரெண்டு, லேப் மெஷின்கள்ல காலேஜ் சர்டிபிகேட்டை முறையா போட்டுக் கொடுங்க, அப்போ யாரும் செக்கிங்கை ஆஃப் பண்ண வேண்டியிருக்காது. மூணு, ப்ராக்ஸி செட்டிங்ஸை ஒரு பேப்பர்ல அடிச்சு லேப் சுவத்துல ஒட்டுங்க.

அனுமதி கிடைச்சா மெஷினை செட்டப் பண்ண நாங்க ரெண்டு பேர் ரெடி. எங்க ப்ராஜெக்ட் எப்படியோ ஹாட்ஸ்பாட்ல ஓடி முடிஞ்சிடும். ரீசார்ஜ் தீர்ந்துபோன ஒரு ஜூனியரோட ப்ராஜெக்ட் அப்படி நிக்கக் கூடாது.