பெயரில் மட்டும் மயில்

மயிலைப் பார்க்காதவர் நம் நாட்டில் அபூர்வம். கானமயிலைப் பார்த்தவர் எத்தனை பேர்? பெயரைக் கேட்டால் இரண்டும் ஒரே குடும்பம் என்று தோன்றும். உண்மையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மயில் கோழி இனத்தைச் சேர்ந்தது. கானமயிலோ நீண்ட கால்களுடன் புல்வெளியில் நடமாடும் வேறொரு குலம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும்.

1963-ம் ஆண்டில் தேசியப் பறவை என்ற பட்டம் மயிலுக்குக் கிடைத்தது. பிரபல பறவை நிபுணர் சலீம் அலி கானமயிலுக்காக வாதாடினார், பலிக்கவில்லை. ஆயினும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இரண்டுக்குமே இடம் உண்டு. சட்டம் ஒன்றுதான், பலன்தான் ஒன்றாக இல்லை.

மயில் பயிரை அழிக்கிறது என்று விவசாயிகள் முறையிடும் அளவுக்கு அது பெருகியிருக்கிறது. கானமயில்களோ 150-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானத்தில், ஜெய்சால்மர் பக்கத்தில் இருக்கின்றன.

காரணம் என்ன? மயிலுக்குத் தோப்பு போதும், வயல் போதும், கோயில் நந்தவனமும் போதும். 4 முதல் 6 முட்டை வரை இடும். கானமயில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும்; அதுவும் வெட்டவெளித் தரையில். அதற்கு வேண்டியது பரந்த புல்வெளி. அந்தப் புல்வெளிக்கு சர்க்கார் கணக்கில் 'தரிசு' என்று பெயர்! தரிசுதானே என்று உழுகிறார்கள், காற்றாலை வைக்கிறார்கள், மின்சாரக் கம்பி இழுக்கிறார்கள். கானமயிலுக்கு நேர் எதிரே பார்வை மட்டு, உடலும் கனம். கம்பியைக் கண்டு சட்டென்று விலக முடியாமல் மோதி மடிகிறது.

கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும்படி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது சாத்தியமில்லை என்ற வாதத்தின்மேல், 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பறவை பறக்கும் பாதையிலேயே கம்பி போக வேண்டும் என்பது என்ன கட்டாயம்?

ஜெய்சால்மர் அருகே முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் வளர்ந்த குஞ்சு வாழப் புல்வெளி வேண்டாமா?

மயிலை வாழவைத்தது பட்டம் மட்டுமல்ல. அதற்கு இருக்க இடம் இருந்தது. கானமயிலுக்குப் பட்டம் வேண்டாம். 'தரிசு' என்று எழுதிய இடத்தில் 'புல்வெளி' என்று திருத்தி எழுதினால், அதுவே பெரிய கௌரவம்.