சிங்கப்பூர்க் கனவும் சிங்கப்பூரின் அகதிகளும்

“எங்களுக்கு ஒரு நாடு கிடைச்சால் அதைச் சிங்கப்பூராக்கிக் காட்டுவம்” என்ற பேச்சை ஒரு தடவையேனும் கேட்காத புலம்பெயர் தமிழர் இருக்க முடியாது. லா சப்பல் கடைத்தெருவில், ரொறன்ரோ கலியாண மண்டபத்தில், லண்டன் கோயில் வீதியில் என எங்கெங்கோ நாம் இதைக் கேட்டாயிற்று. 2009இற்குப் பிறகு நாடு பற்றிய பேச்சு அடங்கியபோதும் சிங்கப்பூர் பற்றிய பேச்சு அடங்கவில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் தன் சனங்களுக்கு இதே சிங்கப்பூரைத்தான் காட்டினார். ஒன்றையொன்று அழிக்கப் புறப்பட்ட இரண்டு தேசியங்களும் தத்தம் வீட்டுச் சுவரில் ஒரே படத்தை மாட்டி வைத்திருந்தன. இதில் யோசிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று எம்மவர்களுக்குப் படவில்லை.

ஏன் சிங்கப்பூர் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி. நாணயக் குற்றியில் தமிழ், விமான நிலையத்தில் தமிழ், பாராளுமன்றத்தில் தமிழ். றோட்டுச் சுத்தம். லஞ்சம் கிடையாது. போதாததற்கு 2010இல் வெளிவந்த ரொம் பிளேற்றின் நேர்காணல் நூலில் லீ குவான் யூவே யாழ்ப்பாணத் தமிழர்களைத் திறமைசாலிகள் என்று புகழ்ந்துவிட்டார். (ஒரு இனம் இன்னொரு இனத்தைவிடத் திறமையானது என்ற அந்தச் சிந்தனை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. புகழ்ச்சி எம் பக்கம் விழுந்ததல்லவா!)

நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்தச் சிங்கப்பூரிலிருந்து தப்பியோடி, எம்மைப் போலவே லண்டனில் வந்து தஞ்சமடைந்த சிங்கப்பூர்க்காரர்களை எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரான் பின் பின் என்ற சிங்கப்பூர்ப் பெண் இயக்குநர் 2013இல் எடுத்த ஆவணப்படம் ‘ரு சிங்கப்பூர், வித் லவ்’. லண்டனிலும் தாய்லாந்திலும் மலேசியாவிலும் வாழும் சிங்கப்பூரின் அரசியல் அகதிகள் அதில் பேசுகிறார்கள். ஒரு சட்டகம்கூட சிங்கப்பூருக்குள் எடுக்கப்படவில்லை. 1976 தேர்தலில் தொழிலாளர் கட்சி வேட்பாளராக நின்று, சீனமொழிப் பிரச்சினையைப் பேசியதற்காகத் தேடப்பட்டுத் தப்பியோடிய ஹோ ஹுவான் தாய் அதில் இருக்கிறார். மாணவர் தலைவராகச் சிறை சென்று, 1976இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1987இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ரான் வா பியோ இருக்கிறார். அங் சுவீ சாய் இருக்கிறார். 1982இல் பெய்ரூத்தின் சப்ரா, ஷட்டிலா முகாம்களில் படுகொலை நடந்தபோது பாலஸ்தீனர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த அதே வைத்தியர்தான். அவருடைய கணவர், சட்டத்தரணி பிரான்சிஸ் கூ, 1977இல் கைதிலிருந்து தப்பி வந்தவர். 2011இல் லண்டனிலேயே இறந்துபோனார்.

படத்தில் யாரும் துப்பாக்கி தூக்குவதில்லை. வயதானவர்கள் சமைக்கிறார்கள், பழைய கதை சொல்கிறார்கள், எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக் குசினியில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடப்பது இதுதான். 2014 செப்ரெம்பரில் சிங்கப்பூர் அரசு இந்தப் படம் தேசியப் பாதுகாப்புக்குக் குந்தகமானது என்று சொல்லிப் பொதுத் திரையிடலுக்குத் தடைவிதித்தது. மேன்முறையீடும் அவ்வருடமே நிராகரிக்கப்பட்டது. இவர்கள் தம் செய்கைகளுக்குக் கணக்குச் சொன்னால் திரும்பி வரலாம் என்பது அரசின் வாதம். கணக்குச் சொல்வதென்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நாம் எல்லாத் தரப்பிடமும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

தடை என்றவுடன் எம்மவர்கள் பொலிஸ், தடியடி, புத்தக எரிப்பு என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். 1981இல் எமது நூலகத்தை எரித்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். சிங்கப்பூருக்கு நெருப்புத் தேவைப்படுவதில்லை. அங்கே உரிமப் பத்திரம் இருக்கிறது, மானியம் இருக்கிறது, மண்டப வாடகை இருக்கிறது, தரப்படுத்தல் குழு இருக்கிறது. கலைஞரின் கழுத்தை நெரிக்கும் கையும் சோறூட்டும் கையும் ஒரே கைதான்.

1993ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஒரு பேரங்காடிக் கட்டடத்தில் ஜோசப் இங் என்ற இளைஞர் ஒரு நிகழ்த்துகலை செய்தார். தன்பாலின ஆண்களைப் பொலிஸார் பொறிவைத்துப் பிடித்து, 12 பேருக்குச் சிறையும் கசையடியும் கிடைத்திருந்தது. இங் ரோஃபுக் கட்டிகளைத் தரையில் பரப்பி, சிவப்புச் சாயப் பைகளை அவற்றின்மேல் வைத்துப் பிரம்பால் அடித்தார். பின்பு பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று தன் உடலிலிருந்து கொஞ்சம் மயிரைக் கத்தரித்தார். நீதிமன்றம் விதித்த தண்டம் 1,000 டொலர். ஆனால் உண்மையான தண்டனை வேறு. நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் மேடையேறிக் கதையை மாற்றும் அரங்காடலுக்கும் தேசியக் கலைக் கழகம் மானியம் கொடுப்பதை நிறுத்தியது. அது 2003 வரை நீடித்தது. ஒரு கலைவடிவமே பத்து வருடம் பட்டினி போடப்பட்டது. இதைத் தணிக்கை என்று யாரும் எழுதவில்லை. ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்றுதான் எழுதினார்கள்.

குவோ பாவ் குன்னின் கதை இன்னும் விசித்திரமானது. சிங்கப்பூர் நாடகத்தின் தந்தை என்று சொல்லத்தக்கவர். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டு 1980இல்தான் வெளியே வந்தார். 1977இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1990இல் அதே அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்ததோ 1992இல். அதாவது பதக்கம் வாங்கிய நாளில் அவர் அந்த நாட்டின் குடிமகனல்ல! பயணப் பத்திரத்தோடு அலைந்த எம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பகிடி முழுதாக விளங்கும்.

அவருடைய ‘பூனையைத் தேடும் அம்மா’ என்ற நாடகம் 1988இல் மேடையேறியது. ஹொக்கியன், மண்டரின், ஆங்கிலம், தமிழ் என்று பல மொழிகள் அதில் கலந்து வரும். பிள்ளைகள் பேசும் மொழி அம்மாவுக்குத் தெரியாது. ஹொக்கியன் மட்டும் தெரிந்த அந்தச் சீனக் கிழவி வழியில் தமிழ் பேசும் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தன் பூனையைத் தேடுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்கு ஒரு சொல்லும் தெரியாமலே இருவரும் விளங்கிக்கொள்கிறார்கள். 1979இல் தொடங்கிய ‘மண்டரின் பேசுவோம்’ இயக்கம் ஹொக்கியனையும் மற்றச் சீன வட்டாரமொழிகளையும் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து துரத்தியது. பேரப்பிள்ளைகளுக்கும் கிழவிகளுக்கும் இடையில் சுவர் எழுந்தது அப்படித்தான். தமிழ் தப்பியது, பட்டியலில் இருந்தபடியால். ஆனால் நாணயத்தில் பொறித்த தமிழ் வீட்டில் நிற்கிறதா? சிங்கப்பூரின் குடித்தொகைக் கணக்கின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 வீதம். 2020இல் 2.5 வீதம்.

சரி, அந்த ஆட்சிமொழியில் ஒரு தமிழ் நாடகக்காரர் எழுதினால்? இளங்கோவனின் ‘தலாக்’ இந்திய முஸ்லிம் பெண்ணொருத்தி மணவாழ்க்கையில் படும் கொடுமையைப் பேசும் நாடகம். 1998இலும் 1999இலும் தமிழில் மேடையேறியது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள். 2000இல் அதை ஆங்கிலத்திலும் மலாயிலும் போட முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. அந்த ஒக்டோபரில் மூடிய அரங்கில் ஒத்திகை பார்க்கப் போனபோது, குழுவின் தலைவி அத்துமீறி நுழைந்தார் என்று பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குள் கிடந்த கதை மற்றவர்களுக்கும் கேட்கப்போகிறது என்ற கட்டத்தில்தான் கதவு மூடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆட்சிமொழி ஒரு வேலியாகவும் இருக்க முடியும்.

ஒத்திகை, நாடகம், பெண், கைது என்ற சொற்களை அடுத்தடுத்து வைத்தால் எமக்கு 1991இல் யாழ்ப்பாணத்தில் செல்வி கொண்டுசெல்லப்பட்டது ஞாபகம் வரவேண்டும். அவர் திரும்பி வரவேயில்லை, இவர் திரும்பி வந்தார். அந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆனால் ‘சிங்கப்பூராக்குவம்’ என்று சொல்கிற வாய்களில் எத்தனை அன்றைக்குச் செல்விக்காகத் திறந்தன என்றும் கேட்கத்தான் வேண்டும். இவர்கள் சிங்கப்பூரில் கண்டு மயங்குவது றோட்டை மட்டுமல்ல என்பது எமது சந்தேகம்.

எம்மவர் பெருமைப் பட்டியலில் எஸ். இராஜரத்தினம் இருப்பார். வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்தவர், 1959இல் சிங்கப்பூரின் கலாசார அமைச்சர், பின்பு முதல் வெளிநாட்டமைச்சர். நியாயமான பெருமைதான். அதே யாழ்ப்பாணத்தில் 1926இல் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? 1981இல் அன்சன் இடைத்தேர்தலில் வென்று, ஆளுங்கட்சி மட்டுமே இருந்த பாராளுமன்றத்துக்குள் நுழைந்தவர். அவதூறு வழக்குகளின் நட்டஈட்டால் 2001இல் வங்குரோத்தாக்கப்பட்டு ஆசனத்தை இழந்தார். தான் எழுதிய புத்தகங்களைத் தெருவில் நின்று விற்றார். 2008இல் இறந்தார். எம்மவர்களுக்கு மந்திரியைத் தெரியும். தெருவில் நின்றவரைத் தெரியாது.

“முதலில் சோறு, வீடு, பள்ளிக்கூடம். கலையும் கருத்தும் பிறகு” என்பார்கள். சிங்கப்பூர் தன் ஏழைகளுக்கு வீடு கொடுத்தது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீடு கட்டுவதற்கு மூன்றாம் மேடை என்ற நாடகக் குழுவினரைச் சிறையில் அடைப்பது எந்த வகையில் அவசியமாயிற்று? 1987இல் ‘மாக்சியச் சதி’ என்று கைதுசெய்யப்பட்ட 22 பேரில் அவர்களும் இருந்தார்கள். அவர்கள் போட்ட நாடகங்களில் ஒன்று பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களைப் பற்றியது. எமது பெண்களும் குவைத்திலும் சவூதியிலும் அதே வேலைதான் செய்தார்கள். ‘பிறகு’ என்ற சொல்லும் எமக்குப் புதிதல்ல. “விடுதலை முதலில், விமர்சனம் பிறகு” என்று அதை வேறொரு குரலில் பல வருடம் கேட்டிருக்கிறோம்.

அந்தப் ‘பிறகு’ அங்கே இன்னும் வந்தபாடில்லை. மலேசியாவில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் கல்லறையில் பொறித்த வாசகங்களுக்காக அவருடைய சகோதரர்மீது 1983இல் சிங்கப்பூரில் வழக்கு நடந்தது. அந்த வழக்கைத் தழுவி டானியல் ஹுய் எடுத்த படத்துக்கு 2024இல் தரப்படுத்தலே மறுக்கப்பட்டது. துயிலும் இல்லங்கள் புல்டோசரால் உழப்பட்டதைப் பார்த்து அழுத நாம், ஒரு கல்லறை வாசகத்துக்கு அஞ்சும் அரசை முன்மாதிரி என்கிறோம்.

‘ரு சிங்கப்பூர், வித் லவ்’ தடைசெய்யப்பட்ட அதே மாதம் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் திரையிடப்பட்டது. சிங்கப்பூர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்தார்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, தம் நாட்டைப் பற்றிய படத்தை அந்நிய நாட்டில் இருந்து பார்த்துவிட்டு இரவே திரும்பினார்கள். எமக்கு அந்தச் சிரமமும் இல்லை. எம்முடைய மண்டபங்கள் பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. படத்துக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுத எம்மில் ஆட்கள் இருக்கிறார்கள். படத்தில் பேசுகிறவர்களில் சிலர் லண்டனில்தான் குடியிருந்தார்கள், நாம் மரக்கறி வாங்கும் அதே நகரத்தில். அடுத்த இலக்கியச் சந்திப்பில் இதைத் திரையிட வேண்டும் என்று நாம் முன்மொழிகிறோம். சிங்கப்பூர்க் கனவுகாரர்கள் முன்வரிசையில் வந்து உட்காரட்டும்.