கையொப்பம் போடுங்கள்

கல்லூரியிலிருந்து வந்த மகள் ஒரு தாளை நீட்டுகிறாள். ஏழு நாள் முகாம், கிராமம் ஒன்றில் தங்க வேண்டும், பெற்றோர் சம்மதம் தேவை என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அப்பா அதைப் புரட்டிப் பார்க்கிறார். "இதெல்லாம் நமக்கு எதற்கு? படிப்பைப் பார்" என்கிறார். தாள் புத்தகப் பைக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. மும்பையில் நம்மவர் வீடுகள் பலவற்றில், தாராவியானாலும் செம்பூரானாலும், நடக்கும் காட்சி இது.

அது நாட்டு நலப்பணித் திட்டத்தின் தாள். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது. "நானல்ல, நீ" என்பது அதன் முழக்கம். சேரும் மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் பொதுப்பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் தனி. மாணவரிடம் தலைமைப் பண்பை வளர்ப்பதும் இத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

தலைமை என்றதும் நமக்கு மேடைப் பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது. முகாமில் அது வேறு விதமாக வளர்கிறது. மகாராஷ்டிரக் கிராமங்களில் மழைக்காலம் முடிந்ததும் ஓடையின் குறுக்கே மண் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள். 'வனராய் பந்தாரா' என்று அதற்குப் பெயர். காலிச் சாக்கும் மண்ணும் ஆள் பலமும் இருந்தால் போதும். அத்தனை மூட்டைகளையும் ஒருவர் சுமக்க முடியாது. வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்தால் வேலை விரைவில் முடியும். வரிசை எங்கே தொய்கிறது, யாருக்குக் கை சோர்ந்துவிட்டது, யாரை இடம் மாற்ற வேண்டும் என்று கவனிக்கிறவரே அங்கே தலைவர். அவர் வகுப்பில் வாய் திறவாத பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆனால் ஐம்பது பேரை ஒரு கூரையின் கீழ் தங்க வைத்துவிட்டால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. அவரவர் போக்கில் விட்டால் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலையிலும், மராத்திப் பிள்ளைகள் மறு மூலையிலும் பாயை விரிப்பார்கள். ஆகவே ஆசிரியர்கள் முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரிக்க வேண்டும். சமையல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் எல்லாக் குழுவுக்கும் முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். ஆணுக்கு மண்வெட்டி, பெண்ணுக்கு அடுப்பு என்ற பிரிவினை கூடாது. இரவில் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நிறைகுறைகளைப் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவர் குறிப்பெழுதட்டும். பேசாதவர் முதலில் பேசட்டும். மொழி தடுக்கினால் தாய்மொழியில் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கட்டும். பிரமுகர்களின் சொற்பொழிவை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பெற்றோரின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. 1966-க்குப் பின் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த முழக்கங்களைக் கேட்ட தலைமுறை, நம்மவர் நடுவில் இருப்பதே பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது. அன்று அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்குரிய விலையையும் கொடுத்து வருகிறோம். தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் அட்டைக்கும் அலுவலகப் படியேறி, மராத்தியில் நாலு வார்த்தை பேச ஆள் தேடுகிறோம். தாராவி மறுசீரமைப்பு என்று ஒரு பத்திரம் கைக்கு வந்தால், அதைப் படித்துச் சொல்லவும் நமக்காகக் கேள்வி கேட்கவும் ஆள் தேடுகிறோம். அந்த ஆள் நம் வீட்டிலேயே வளர வேண்டாமா? பிற மொழிப் பிள்ளைகளோடு ஒரே பானைச் சோறு தின்று, ஒரே ஓடையில் மூட்டை அடுக்கிய பிள்ளைக்கு எந்த அலுவலக வாசலிலும் நா எழும்.

பெற்றோர் கேட்க வேண்டியவற்றைக் கேட்கட்டும். பெண் ஆசிரியர் கூட வருகிறாரா? இரவில் தங்குமிடம் எது? உடம்புக்கு முடியாமல் போனால் அருகில் மருத்துவமனை உண்டா? முகாமில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார்? விடை தெரியாமல் கையொப்பமிட வேண்டியதில்லை. விடை திருப்தியாக இருந்தும் மறுப்பது, அதிலும் மகனை அனுப்பிவிட்டு மகளை மட்டும் நிறுத்துவது, நியாயமல்ல.

இன்னொரு தடையும் உண்டு. பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு ஏழு நாள் முகாம் என்றால் ஏழு நாள் கூலி போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல. கடையும் பட்டறையும் நடத்தும் நம்மவர்கள் அந்தக் கூலியைப் பிடிக்காமல் விட்டால், அவர்களும் நாட்டு நலப்பணி செய்தவர்களே. நம் சங்கங்கள் ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம்.

முகாம் முடிந்ததும் உறவு அறுந்துவிடக் கூடாது. அங்கே பழகிய மராத்தித் தோழியை மகள் வீட்டுக்கு அழைத்து வந்தால், அம்மா ஒரு தட்டு இட்லி வைத்து உபசரிக்கட்டும். அண்டை வீட்டார் உறவு அப்படித்தான் தொடங்கும்.

மகள் அந்தத் தாளை இன்னொரு முறை நீட்டினால், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கையொப்பம் போடுங்கள்.