எங்கள் கோடை வேறு கோடை

கோடை விடுமுறையில் மலைக்குப் போய் ஓடுவது என்று ஒரு பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவி வருகிறது. நடப்பது இல்லை, ஓடுவது. டிரெயில் ரன்னிங் என்று பெயர். தார் ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை, கல், வேர், சரிவு என்று 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர், நெஞ்சுரம் உள்ளவர்களுக்கு 100. சாந்தோமில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் பால் வாங்கப் போகும் நேரத்தில் அவர்கள் பட்டினப்பாக்கம் மணலில் பயிற்சியை முடித்துவிட்டு, உப்பு பூத்த பனியனோடு திரும்பி வருவார்கள். ஓடட்டும். எழுபது தாண்டியவனுக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்குமே தவிர எரிச்சல் வராது. என் சண்டை ஓட்டத்தோடு அல்ல, கோடையோடு.

லூப் ரோடு பக்கம் காலையில் நடக்கிற எங்கள் கிழவர் கோஷ்டியில் இதற்கு ஒரே தீர்ப்புதான். "இதுகளுக்கு வேற வேலை இல்ல சார், மலைக்கு விடவே கூடாது." அந்தக் கட்சியில் நான் இல்லை. பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணி வரை செல்போனைத் தடவிக்கொண்டு கிடப்பதைவிட மலையில் ஓடுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பிப்ரவரி முதல் மே வரை நம் மலைகளில் ஓடுவது வேறு விஷயம். அதை நியாயப்படுத்த அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவை.

எனக்கு இந்த இறக்குமதி பழக்கமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் பாடப் புத்தகத்தில் கோடைக்கு 'எத்தே' என்று பெயர். அந்த எத்தே ஒரு சொர்க்கம். பனி உருகி ஓடும், புல்வெளி பச்சையாக இருக்கும், மாடுகள் மணி கட்டிக்கொண்டு மலையேறும், குழந்தைகள் துள்ளிக் குதித்து ஓடும். ஏப்ரல் மாதம், மின்விசிறி இல்லாத வகுப்பில், வியர்வை சொட்டி மை கலைகிற நோட்டில், "கோடையே, நீ எவ்வளவு இனிமையானவள்" என்கிற மாதிரி கட்டுரை எழுதினோம். எழுதிவிட்டு வெளியே வந்தால் கால் சுடும். வாத்தியாருக்கும் சுட்டது. ஆனாலும் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டார். இன்றைக்கு யூடியூபில் ஷாமொனி மலை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், சம்மர்லதான் சீசனே" என்று மாடி வீட்டுப் பையன் சொல்லும்போது அந்த நோட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஷாமொனியில் சீசன் கோடைதான், மறுக்கவில்லை. மோன் ப்ளாங் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடு தொட்டு ஓடும் அந்தப் பெரிய பந்தயம் 2003இல் தொடங்கியது. சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் அளவுக்கு வரும். முதல் வருடம் முடித்தவர்கள் 67 பேர்தான். ஜெயித்தவர் நேபாளத்துக்காரரான ஒரு ஷெர்பா. ஆகஸ்ட் கடைசியில் நடத்துகிறார்கள். ஏன்? மற்ற மாதங்களில் கணவாய்களில் பனி கிடக்கும். அவர்களுக்குக் கோடை என்றால் பாதை திறக்கிறது, ஓடையில் தண்ணீர் வருகிறது, புல் ஈரமாக இருக்கிறது. நமக்குக் கோடை என்றால் ஓடை வற்றுகிறது, புல் காய்ந்து வைக்கோலாகிறது, மிச்சமிருக்கும் ஒரு குட்டைக்கு யானையும் வருகிறது, காட்டெருமையும் வருகிறது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு எதிரெதிர் பருவங்களைக் குழப்பிக்கொள்கிறோம்.

"மலை குளுகுளுன்னுதானே இருக்கும்?" என்பார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் இருக்கும். ஓடுகிறவன் ஏரிக்கரையிலா தொடங்குகிறான்? பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் தொடங்கி வெள்ளகவி வழியாக மேலே போகிறான். அடிவாரத்தில் தேனி மாவட்டத்து ஏப்ரல் வெயில். அங்கிருந்து மேலே குளிர்ந்த சோலை வருவதற்குள் காய்ந்த சரிவை முழுக்கக் கடக்க வேண்டும். இதே ஆட்கள் சென்னையில் மாரத்தான் ஓடுவது எந்த மாதம்? ஜனவரி. மும்பையிலும் ஜனவரி. மூலைக்கு மூலை தண்ணீரும் ஆம்புலன்ஸும் நிற்கிற தார் ரோட்டுக்கு ஜனவரி வேண்டும், கூப்பிட்டால் ஆள் வராத காட்டுக்கு ஏப்ரல் போதுமா?

குரங்கணியைச் சொன்னால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "அது டிரெக்கிங், நாங்க ரன்னர்ஸ்." 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தையொட்டி சென்னையிலிருந்து போனவர்களும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்களும் முதல் நாள் கொழுக்குமலை ஏறித் தங்கிவிட்டு, மறுநாள் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரக் காய்ந்த புல். தீ வந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் அங்கேயே, சிலர் மதுரையிலும் சென்னையிலும் ஆஸ்பத்திரிகளில் நாள்கணக்கில் கிடந்து. நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருந்த பிள்ளைகள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்னால் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள், போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்களும் அவர்கள்.

நடந்தவர்களுக்கு வந்த தீ ஓடுகிறவனுக்கு வராதா? யோசித்துப் பார்த்தால் ஓடுகிறவன் நிலைமை இன்னும் மோசம். எடை குறைய வேண்டும் என்று எதையும் எடுத்துக்கொள்ள மாட்டான். அரை லிட்டர் பாட்டில் இரண்டு, நாலு பேரீச்சம்பழம். வேகத்துக்கு ஒருவராகப் பிரிந்துவிடுவதால் முன்னால் போனவனுக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் வருபவனுக்குத் தெரியாது. "தீ வந்தால் ஓடிவிடுவேன்" என்று ஒரு பிள்ளை என்னிடமே சொன்னது. மலையில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் போகும். சூடான காற்று மேலே எழும்பி, எரியாத புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போகும். செங்குத்துச் சரிவில் நல்ல ஓட்டக்காரனும் நடக்கத்தான் செய்கிறான். தீ அங்கே நடக்காது.

வெளிநாட்டைக் காப்பியடிப்பதென்றால் முழுசாகக் காப்பியடிக்கட்டும். அமெரிக்காவில், கலிபோர்னியாவில், 100 மைல் மலை ஓட்டத்துக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயம் ஜூன் கடைசியில் நடக்கும். 2008இல் சுற்றுவட்டாரக் காடுகளில் தீ என்றதும் அந்த வருடம் ஓட்டமே வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டார்கள். வருடக்கணக்கில் குலுக்கலில் காத்திருந்து இடம் பிடித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மோன் ப்ளாங் பந்தயத்தை 2010இல் மழைக்காகப் பாதியில் நிறுத்தினார்கள். மழைக்கோட்டு, போர்வை, விளக்கு, விசில் இல்லாமல் அங்கே தொடக்கக் கோட்டைத் தாண்ட விடமாட்டார்கள்.

அந்தக் கண்டிப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சீனா இருக்கிறது. 2021 மே 22, கான்சு மாகாணம், 100 கிலோமீட்டர் ஓட்டம், 172 பேர். மதியம் ஆலங்கட்டியும் குளிர்காற்றும் அடித்தன. காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள், அவர்களில் அந்நாட்டின் முதல்தர ஓட்டக்காரரும் ஒருவர். ஆறு பேரைக் காப்பாற்றியது யார்? ஆடு மேய்க்க வந்து, மழைக்காகக் குகையில் ஒதுங்கியிருந்த ஒரு மேய்ப்பர்.

இங்கே ஊர்க்காரர், அங்கே ஆட்டுக்காரர். கவனிக்க வேண்டிய இடம் இது.

இனி அரசாங்கத்திடம் வருகிறேன். அதன் சோற்றைத்தான் முப்பத்தைந்து வருடம் தின்றேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு. குரங்கணிக்குப் பிறகு விசாரணை நடந்தது, அதே வருடம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் போட்டுத் திறந்தார்கள். 2025இல் தீ பருவம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். நல்ல காரியம். உள்ளூர்ப் பிள்ளைக்குச் சம்பளம் போகிறது என்பதே பெரிது.

ஆனால் தேதி போட்டு மூடித் தேதி போட்டுத் திறப்பது எங்கள் குமாஸ்தா ஜாதியின் புத்தி. எனக்குத் தெரியும், நானே எத்தனையோ கோப்புகளில் அப்படிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். தேதி போட்டால் கோப்பை மூடிவிடலாம், மேலதிகாரிக்கும் நிம்மதி. புல்லுக்குத் தேதி தெரியாது. ஒரு வருடம் மார்ச்சிலேயே கோடை மழை கொட்டி மலை பச்சையாகிவிடும். இன்னொரு வருடம் மே பாதி வரை ஒரு தூறல் விழாது. ஏப்ரல் 16ஆம் தேதி காலை பாதை பத்திரம் என்று யார் சொன்னது? அரசாணை சொன்னது. அன்றைக்குத்தான் பள்ளிக்கூட விடுமுறையும் நெருங்கிவரும், கூட்டமும் சேரும்.

பத்திரமா இல்லையா என்று தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். காட்டில் தினமும் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர். பெரும்பாலும் பழங்குடி, பெரும்பாலும் தற்காலிக ஊழியர், சம்பளம் சொற்பம். எந்தச் சரிவில் புல் முறுகிக் கிடக்கிறது, எந்த ஊற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, நேற்று ராத்திரி ஆனை எந்தப் பக்கம் போனது என்று அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அவருக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவர் கீழே ஊரில் உட்கார்ந்திருக்கிறார்.

எண்பதுகளில் ஒருமுறை தேர்தல் பணிக்கு ஒரு மலைக் கிராமத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஓட்டுப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஒருவர் முன்னால் போனார். நாங்கள் நாலு மணி நேரம் மூச்சிரைத்து ஏறிய பாதையை அவர் ஏறி, பெட்டியை இறக்கிவைத்து, கஞ்சி குடித்துவிட்டு எங்களைத் தேடித் திரும்பி வந்தார். பதக்கம், பனியன், காலில் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ எதுவும் இல்லை. பாதி வழியில் அவர் ஒரு திருப்பத்தில் நின்று, காற்றை முகர்ந்து, "இந்தப் பக்கம் வேணாம் சாமி, சுத்திப் போவோம்" என்றார். எங்கள் அதிகாரி ஏன் என்று கேட்கவில்லை, சுற்றிப் போனோம்.

ஓடுகிற பிள்ளைகளுக்கும் வனத்துறைக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். மழை விழுந்து மலை நனைகிற வரைக்கும் கிழக்குச் சரிவுகளில் பந்தயம் வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி இருக்கிறது, மாதங்களுக்கு என்ன பஞ்சம்? திறந்திருக்கும் நாட்களிலும், அனுமதிச் சீட்டு எங்கே அச்சாகட்டும், அன்று காலை அந்தப் பாதைக்கான காவலர் "வேண்டாம்" என்றால் அது செல்லாது என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மந்திரி சிபாரிசு வந்தாலும் செல்லாது, கட்டிய பணத்தை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அந்தக் காவலருக்கு நிரந்தர வேலையும் வேண்டும். தற்காலிக ஊழியர் வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் அவரையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அதுவும் எனக்கு ஆபீசில் பார்த்துப் பழக்கம்.

மாடி வீட்டுப் பையனும் அவன் நண்பர்களும் இந்த மே மாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். இதை அச்செடுத்து அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.