கூரைக்கு மேலே ஒரு வகுப்பறை

சனிக்கிழமைக் காலையில் ஜாலான் காயு பக்கம் போயிருக்கிறீர்களா? பரோட்டாக் கடை வரிசையில் நிற்கும்போது சில வேளைகளில் தலைக்கு மேலே ஒரு சிறிய விமானத்தின் ஓசை கேட்கும். பெரிய பயணிகள் விமானத்தின் முழக்கம் அன்று அது. தையல் இயந்திரத்தை விடாமல் மிதிப்பதுபோல் ஒரே சீரான ஓசை. அருகில் சிலேத்தார் விமான நிலையம் இருக்கிறது. 1928இல் பிரிட்டிஷ் ஆகாயப்படைத் தளமாகத் தொடங்கிய அந்த இடத்தில் இன்று தனியார் ஜெட் விமானங்களும் பயிற்சி விமானங்களும் வந்து போகின்றன.

என் அக்காள் மகள் தொடக்கக் கல்லூரியில் படித்த காலத்தில் அங்குதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதன்முறையாகத் தனியாக ஓட்டிவிட்டு வந்த அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தாள். விமானி என்றால் எங்கோ தொலைதூரம் பறப்பவர் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பயிற்சியின் பெரும்பகுதி எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வருவதுதான் என்பதை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஓடுபாதையிலிருந்து எழும்பி, ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் ஒரு நீள்சதுரமாகச் சுற்றி, மீண்டும் அதே ஓடுபாதையில் இறங்க வேண்டும். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடியும் எழும்ப வேண்டும். இதை விமானிகள் ‘டச் அண்ட் கோ’ என்பார்கள். தரையிறங்குவதுதான் விமானம் ஓட்டுவதில் கடினமான பாடம். நீச்சலைப் போலவே அதையும் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்க முடியும்.

இப்போது கீழே இருப்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று விமானங்கள் ஒரே நேரத்தில் பயிற்சி செய்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விமானம் உங்கள் கூரையைக் கடக்கும். இரவு வேலை முடிந்து வந்து காலையில் தூங்கும் தாதிக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும் அந்த ஓசை எப்படி இருக்கும்? பெரிய விமானம் அதைவிடப் பேரோசை எழுப்பினாலும் ஒரு நிமிடத்தில் போய்விடும். சிறிய விமானமோ போவதுபோல் போய்த் திரும்பி வருகிறது. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பதே பலருக்கு எரிச்சல் தருகிறது.

இந்தச் சிக்கல் முற்றிப்போன ஓர் ஊர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. சாண்டா மோனிகா என்னும் அந்தக் கடற்கரை நகரின் விமான நிலையத்தில்தான் டக்ளஸ் நிறுவனம் விமானங்களைக் கட்டியது. புகழ்பெற்ற டிசி-3 விமானம் 1935 டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதலில் பறந்ததும் அங்கிருந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்காக நிலையத்தைச் சுற்றி வீடுகள் பெருகின. ஒரு வேடிக்கையும் நடந்தது. எதிரி விமானங்கள் தொழிற்சாலையைக் கண்டுபிடிக்காமலிருக்க, திரைப்பட அரங்க வடிவமைப்பாளர்களின் உதவியோடு அதன் மேல் வலை விரித்து, அதில் பொய் வீடுகளையும் பொய் மரங்களையும் அமைத்தார்கள். வானிலிருந்து பார்த்தால் அது ஒரு குடியிருப்புப் பேட்டைபோல் தெரிந்தது. போர் முடிந்ததும் பொய் வீடுகள் போய்விட்டன. உண்மையான வீடுகளில் இருந்தவர்கள்தாம் பின்னர் ஓசையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள்.

“விமான நிலையம் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்?” என்று விமானிகள் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயந்தான். வீட்டை வாங்கியவருக்கு அது பொருந்தும். அந்த வீட்டில் பிறந்து வளரும் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மேலும், வீடு வாங்கியபோது இருந்த போக்குவரத்தும் அப்படியே நிற்கவில்லை. பின்னர் ஜெட் விமானங்களும் வரத் தொடங்கின. மறுபுறம், “இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு” என்று சில குடியிருப்பாளர்கள் சொன்னதையும் நான் ஏற்கமாட்டேன். நம்மைச் சென்னைக்கோ பினாங்குக்கோ அழைத்துச் செல்லும் விமானிகளும் ஒரு சிறிய விமானத்தில்தான் முதல் பாடத்தைக் கற்றிருப்பார்கள். அனைத்துலக விதிகளின்படி தனியார் விமானி உரிமம் பெறவே பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுமையான பயிற்சித் திட்டத்தில் படித்தால் 35 மணி நேரம். அந்த நேரத்தை எங்காவது ஓரிடத்தில் பறந்துதான் ஆக வேண்டும்.

சாண்டா மோனிகா வழக்குகளில் என்னை மிகவும் கவர்ந்தது 1979இல் வந்த தீர்ப்பு. நகராட்சி பல கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. இரவில் புறப்படத் தடை, வார இறுதிகளில் டச் அண்ட் கோ பயிற்சிக்குத் தடை, ஓசைக்கு ஒரு டெசிபல் வரம்பு ஆகியவற்றோடு, ஜெட் விமானங்கள் அறவே வரக்கூடாது என்ற தடையும் இருந்தது. நீதிமன்றம் மற்றவற்றை ஏற்று, ஜெட் தடையை மட்டும் தள்ளுபடி செய்தது. ஏன் தெரியுமா? அப்போது வந்திருந்த புதிய ஜெட் விமானங்களில் சில, அனுமதிக்கப்பட்ட சில உந்துசுழலி விமானங்களைவிட அதிக ஓசை எழுப்பவில்லை. ஓசைதான் குறை என்றால் ஓசையைத்தானே அளக்க வேண்டும்? பெயரைக் கேட்டுவிட்டு வாசலை மூடுவது விதியாகாது. அதனால்தான் அங்கே இன்றும் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பால் ஒலிவாங்கிகள் இருக்கின்றன. 95 டெசிபல் என்ற வரம்பைத் தாண்டினால், அது எந்த வகை விமானமானாலும் விதிமீறல்தான்.

ஆயினும் சண்டை ஓயவில்லை. நிலம் நகராட்சிக்குச் சொந்தம். வானமோ கூட்டரசின் பொறுப்பு. நகராட்சி மூட நினைத்தபோதெல்லாம் கூட்டரசின் விமானத் துறை தடுத்தது. 1990இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டம், ஊராட்சிகள் தாமாகப் புதிய ஓசைக் கட்டுப்பாடுகளை விதிப்பதை மிகவும் கடினமாக்கியது. பேசித் தீர்க்கும் வழிகள் குறையக் குறைய, மக்களின் கோரிக்கை ‘குறையுங்கள்’ என்பதிலிருந்து ‘மூடுங்கள்’ என்பதற்கு மாறியது. 2017இல் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டரிலிருந்து 1,067 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2028ஆம் ஆண்டு முடிந்தபின் நகராட்சி விரும்பினால் நிலையத்தையே மூடிவிடலாம்.

மூடுவது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து. நகரத்துக்குள் ஓர் ஓடுபாதையை இழந்துவிட்டால், அவ்வளவு நிலத்தை மறுபடியும் ஒருவரும் தேடித் தரமாட்டார்கள். அதற்காக, பறப்பவர்கள் இப்போதுபோலவே எப்போதும் பறக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே போக்குவரத்து மிகுந்த சிறு விமானத் திடல்களில், வார நாள்களில் பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று மணிவரை சுற்றுப் பயிற்சிக்குக் கட்டுப்பாடு உண்டு. சனி, ஞாயிறுகளில் காலை ஒன்பது மணிக்கு முன்பும் பிற்பகல் ஒரு மணிக்குப் பின்பும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஓசை குறைந்தது என்று சான்று பெற்ற விமானத்துக்கு விலக்கு அளிக்கிறார்கள். ஓசையடக்கியும் நல்ல உந்துசுழலியும் பொருத்தப் பணம் செலவிடும் பயிற்சிப் பள்ளிக்கு அதிக நேரம் பறக்கக் கிடைக்கிறது. அண்டை வீட்டாருக்கு மதியத் தூக்கம் கிடைக்கிறது. ஒருவர்மீது ஒருவர் அன்பு கொள்ள வேண்டிய தேவைகூட இல்லை; கணக்கே இருவரையும் ஒத்துப்போக வைக்கிறது.

காதில் விழாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சிறிய விமானங்கள் பலவற்றில் இன்னும் அதையே ஊற்றுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா வட்டாரம் தன் விமான நிலையங்களில் 2022 தொடக்கத்திலிருந்து அந்த எரிபொருளை விற்பதை நிறுத்திவிட்டது. மாநிலம் முழுவதும் 2031 முதல் விற்பனைக்குத் தடை வருகிறது. ஓசை விஷயத்தில் விமானிகளுக்காகப் பரிந்து பேசும் நான், இதில் ஒரு நாள்கூட அவகாசம் கேட்கமாட்டேன்.

அக்காள் மகளிடம் சாண்டா மோனிகாவைப் பற்றிச் சொன்னேன். “அப்படியானால் அங்கே கற்பவர்கள் எங்கே போவார்கள், சித்தி?” என்றுதான் முதலில் கேட்டாள். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் வேன் நைஸ், ஹாதோர்ன் என்று வேறு சிறு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகலாம் என்றேன். கைப்பேசியில் அந்த இடங்களின் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். அவற்றின் ஓடுபாதைகளைச் சுற்றியும் வரிசை வரிசையாக வீடுகள் இருந்தன.