சுவைத் தீர்ப்பும் தெரு எல்லையும்

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், அதன் மேற்கெல்லையில் அமைந்துள்ள கன்சாஸ் சிற்றி, பார்பிகியூ எனப்படும் புகையிறைச்சிக்குப் பெயர்பெற்ற நகரமாகும். ஹிக்கரி, ஓக் முதலிய விறகுகளின் புகையில், குறைந்த சூட்டில், பல மணி நேரம் கிடந்து வெந்த மாட்டு நெஞ்சிறைச்சியும் பன்றி விலாவும் அந்நகர மாந்தரின் ஓயாத பேச்சுக்குப் பொருளாகின்றன. எக்கடை சிறந்தது என்ற வினா அங்கு தீர்ந்தபாடில்லை. பத்திரிகைகள் பட்டியலிடுகின்றன, வழிகாட்டி நூல்கள் வரிசைப்படுத்துகின்றன, நண்பர்கள் இதன்பொருட்டுப் பிணங்கிக்கொள்கின்றனர். உணவைப் பற்றி வாதாடுவதில் குற்றமேதுமில்லை. ஆயின், இவ்வாதங்களைச் சற்று ஊன்றிக் கேட்போர்க்கு ஒன்று புலனாகும். இறைச்சியின் மென்மை, புகையின் மணம், சோசின் காரம் ஆகிய அளவுகோல்களுடன் இன்னொன்றும் ஓசையின்றி இயங்குகின்றது. அது கடை இருக்கும் இடம். "நல்ல கடை, ஆனால் இடம் சரியில்லை" என்பதே அதன் வாய்பாடு. அந்த 'ஆனால்' எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு ஆராயப்படவேண்டியது.

இவ்வுணவின் பிறப்பு பற்றிப் பெரிய ஐயமில்லை. தெனசி மாநிலத்தின் மெம்பிஸ் அயலிற் பிறந்து, ஆற்றுக் கப்பல்களின் சமையலறைகளில் வேலைபார்த்த ஹென்றி பெரி என்ற கறுப்பினத்தவர், 1907இல் கன்சாஸ் சிற்றிக்கு வந்தார். அடுத்த ஆண்டளவில் தையல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியிலே, ஒரு சந்தில், புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளிற் சுற்றி இருபத்தைந்து சதத்துக்கு விற்கத் தொடங்கினார். பின்னர் அவரது கடை, பதினெட்டாந் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தை மையமாகக்கொண்ட கறுப்பினக் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தது. ஜாஸ் இசைக்கும் மொனாக்ஸ் பேஸ்போல் அணிக்கும் பெயர்பெற்ற அதே பகுதிதான் அது. 1871இல் நிறுவப்பட்ட கால்நடைத் தொழுவங்களும் அவற்றை அடுத்தெழுந்த இறைச்சிப் பதனிடும் ஆலைகளும் சிக்காகோவுக்கு அடுத்த நிலையிலே கன்சாஸ் சிற்றியை வைத்திருந்தன. உயர்ந்த துண்டுகள் கிழக்கே செல்வர் மேசைகளுக்குப் போயின. கடினமான நெஞ்சிறைச்சி மலிவாக உள்ளூரிற் கிடைத்தது. அம்மலிவான இறைச்சியைப் பொறுமையாலும் நெருப்பறிவாலும் உண்ணத்தக்கதாக்கியது உழைப்பாளரின் கைத்திறன். அதனை ஒரு 'மரபு' என்று இன்று போற்றுவோர், அது கூலிக்கணக்கிற் பிறந்த திறன் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

1940இல் பெரி மறைந்தபின் அவரிடம் பணியாற்றிய சாளி பிரயன்ற் கடையை ஏற்றார். 1946இல் அது அவர் தம்பி ஆதர் பிரயன்ற்றின் கைக்கு வந்தது. அதே ஆண்டிலே, ஜோர்ஜ் கேற்ஸ் தம் மனைவியுடன் வேறொரு கடையை வாங்கினார். அங்கிருந்த சமையற்காரர் ஆதர் பிங்கார்ட் என்பவரும் பெரியிடம் தொழில் பயின்றவரே. ஆக, நகரத்தின் இரு பெரும் கட்சிகளான பிரயன்ற் கட்சியும் கேற்ஸ் கட்சியும் ஒரே அடுப்பிலிருந்து பிரிந்த இரு தணல்கள் எனலாம்.

1972இல், அந்நகரிலே பிறந்து வளர்ந்த எழுத்தாளர் கல்வின் ட்றிலின், 'பிளேபோய்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், உலகத்திலேயே மிகச் சிறந்த உணவகம் பதினெட்டாந் தெருவும் புறூக்ளின் வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள ஆதர் பிரயன்ற்றின் கடையே என்று அறிவித்தார். நகைச்சுவை கலந்த அறிவிப்புத்தான். எனினும் பாரிஸ் நகரத்தை நோக்கித் தலைவணங்கியே பழகிய அமெரிக்க உணவெழுத்துக்கு அது ஓர் அடி. அக்கட்டுரைக்குப் பின் வெளியூரார் அக்கடையைத் தேடிவந்தனர். நெஞ்சிறைச்சியின் கருகிய விளிம்புகள், வரிசையில் நிற்போர் இலவசமாக எடுத்துண்ண மேடையிற் கிடந்த காலம் அது. இன்று அவ்விளிம்புகள் நகரத்தின் அடையாள உணவாகிப் பட்டியலில் விலையுயர்ந்த இடம் பெற்றுள்ளன. ஹரி ட்றூமன், ஜிம்மி காட்டர், பராக் ஒபாமா ஆகிய சனாதிபதிகளும் அங்கே உண்டவர்களே.

இப்புகழ் வந்த வேளையிலே அயலில் நிகழ்ந்ததையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். கடையிலிருந்து சில தெருக்களே தள்ளி, இருபத்திரண்டாந் தெருவில், நகரசபை விளையாட்டரங்கு இருந்தது. ஆட்டம் முடிந்து வந்த கூட்டம் அப்பகுதிக் கடைகள் பலவற்றுக்கு வருவாய் தந்தது. 1972, 1973 ஆம் ஆண்டுகளில் நகரத்தின் கிழக்கோரத்தில், நெடுஞ்சாலைகளின் சந்திப்பிலே புதிய அரங்குகள் எழுந்தன. கார் வைத்திருப்போருக்காகவே கட்டப்பட்டவை அவை. பழைய அரங்கு 1976இல் இடிக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த உணவகம் என்ற பட்டம் ஒரு கையாலே வழங்கப்பட, அதன் அயலின் வருவாய் மறு கையாலே பறிக்கப்பட்டது.

இனி 'இடம் சரியில்லை' என்போரிடம் வரலாம். இவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் அஞ்சுவோர்: பகலிற் போங்கள், இரவிற் போகாதீர்கள், காரைக் கண்ணிற்படும் இடத்தில் நிறுத்துங்கள் என்று அறிவுரை கூறுவோர். இரண்டாம் வகையினர் தம்மை முற்போக்காளராகக் கருதிக்கொள்வோர். இவர்களுக்கு உடைந்த நடைபாதையும் பலகை அடித்த சன்னல்களும் சுவையின் சான்றிதழ்கள். கடை அழுக்காயிருந்தால் அசல்; கண்ணாடி துடைத்திருந்தால் போலி. முன்னவரின் கூற்று அவமதிப்பென்பது வெளிப்படை. பின்னவரின் கூற்று பாராட்டு வேடம் பூண்ட அவமதிப்பு. அயலவரின் வறுமையைத் தம் தட்டுக்கு மசாலாவாகத் தூவிக்கொள்வோர், அவ்வயல் செழிக்கவேண்டுமென்று எப்படி விரும்புவர்? கேற்ஸ் குடும்பத்தார் நகரின் பல பகுதிகளிலும் கிளைகளை நிறுவியபோது, அது 'பழைய தன்மையை இழந்துவிட்டது' என்று முணுமுணுத்தோர் இவர்களே. வெள்ளையர் ஒருவர் பத்துக் கிளை திறந்தால் அது முயற்சியின் வெற்றி. கறுப்பினத்தவர் திறந்தால் அசலின் வீழ்ச்சி. இது நாக்கின் தீர்ப்பன்று.

அந்நகரில் 'ட்றூஸ்ற்றுக்குக் கிழக்கே' என்றாற் போதும். மேலே விளக்கம் வேண்டுவதில்லை. வடக்குத் தெற்காக ஓடும் ட்றூஸ்ற் வீதி, வெள்ளையர் வாழும் மேற்கையும் கறுப்பினத்தோர் வாழும் கிழக்கையும் பிரிக்கும் கோடாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. பிரயன்ற்றின் கடை அதற்குக் கிழக்கே உள்ளது. இப்பிரிவு மலையோ ஆறோ வகுத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வீதியின் ஒரு பகுதி செல்வந்தரின் மாளிகைகளாற் புகழ்பெற்றிருந்தது. பின்பு அதன் பெயர் கெட்டது எவ்வாறு?

ஜே. சி. நிக்கல்ஸ் என்ற காணி வணிகர், நகரத்தின் தென்மேற்கிலே தாம் அமைத்த குடியிருப்புகளின் காணி உறுதிகளில், கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதென்ற நிபந்தனைகளை எழுதிவைத்தார். குறித்த காலத்தின்பின் அந்நிபந்தனைகள் தாமாகவே புதுப்பிக்கப்படும் வகையில் அவை வரையப்பட்டிருந்தன. நாடெங்குமுள்ள காணி வணிகர் அவரைப் பின்பற்றினர். 1930களில் அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் வரைந்த நகரப் படங்களிலே, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு நிறத்தால் ஆபத்தானவையெனக் குறிக்கப்பட்டன. இத்தகைய கணிப்புகள் ஆட்சிபுரிந்த காலத்தில் அப்பகுதிகளிலே வீடு வாங்கவும் திருத்தவும் கடன் பெறுதல் அரிதாயிற்று. இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாதென உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த வழக்கும் மிசூரி மாநிலத்தின் சென். லூயிஸ் நகரில் எழுந்ததே. தீர்ப்பு வந்தது, எல்லை கலையவில்லை. பாடசாலைகளிலே இனப்பிரிப்பு சட்டவிரோதமானது என 1954இல் தீர்க்கப்பட்ட பின்னரும், கல்விச்சபை பாடசாலைகளின் அனுமதி எல்லைகளை ட்றூஸ்ற் வீதியை ஒட்டி வகுத்ததை, கெவின் கோதம் 2002இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கறுப்பினத்தவர் வருகின்றனர் என அச்சமூட்டி வெள்ளையரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கி, வரும் கறுப்பினக் குடும்பங்களுக்கு மிகுந்த விலைக்கு விற்ற தரகர் கூட்டமும் இதிற் பங்குகொண்டது. அச்சம் அங்கே விற்பனைப் பண்டமாயிற்று. நிக்கல்சின் பெயர் தாங்கிய நீரூற்றிலிருந்து அப்பெயரை நகரம் நீக்கியது 2020இல்.

இத்துணையும் நடந்தேறிய பின், அப்பகுதியை நோக்கி 'இடம் சரியில்லை' என்று கூறுவது, ஒருவன் காலை முறித்துவிட்டு அவன் நடையைக் குறைகூறுவதை ஒக்கும்.

அஞ்சுவோரின் வாதத்துக்கு அந்நகரத்திலேயே ஒரு மறுப்புண்டு. எல்லைக்கு அப்பால், கன்சாஸ் மாநிலத்துக்குரிய கன்சாஸ் சிற்றியிலே, 1996இல் ஒரு பெற்றோல் நிலையத்தினுள் பார்பிகியூ கடையொன்று தொடங்கப்பெற்றது. அப்போது அதன் பெயர் ஒக்லஹோமா ஜோஸ்; 2014 முதல் ஜோஸ் கன்சாஸ் சிற்றி. 2009இல் அந்தனி போர்டெயின் வெளியிட்ட, இறப்பதற்கு முன் உண்ணவேண்டிய இடங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. அக்கடையின் இறைச்சி சிறந்தது என்பதில் வாதமில்லை. அதன் உழைப்பாளரைக் குறைகூறவும் நியாயமில்லை. கவனிக்கவேண்டியது பேச்சின் தொனி. பெற்றோல் மணக்கும் இடத்திலே, மலிவான மேசையில், நீண்ட வரிசையில் நின்று உண்பது அங்கு 'எளிமையின் அழகு' ஆகின்றது. அதே மேசை, அதே வரிசை, அதே எண்ணெய்ப் பிசுக்கு புறூக்ளின் வீதியில் 'எச்சரிக்கையாயிருங்கள்' என்றாகின்றது. பெற்றோல் நிலையத்தின் தெற்கே, நிக்கல்ஸ் நிறுவனம் அமைத்த பெயர்வே, மிஷன் ஹில்ஸ், பிரெயறி வில்லேஜ் முதலிய செல்வக் குடியிருப்புகள் தொடர்கின்றன. வறிய கோலம் செல்வர் வீட்டருகே இருந்தால் வேடிக்கை. வறியவர் வீட்டருகே இருந்தால் ஆபத்து.

சோசின் கதையும் இத்தகையதே. 'கன்சாஸ் சிற்றிப் பாணி' என்று உலகச் சந்தையில் அறியப்படும் சோஸ் தடித்தது, இனிப்பானது. பெரியின் சோசோ காரத்தாற் பெயர்பெற்றது. அதனைச் சற்றுத் தணித்தவர் ஆதர் பிரயன்ற். அவரது சோசிலும் வினாகிரிப் புளிப்பும் மிளகாய்த்தூளின் சொரசொரப்பும் மேலோங்கி நின்றன. உலகம் அறிந்த இனிப்புச் சோசை 1977இல் உருவாக்கியவர் றிச் டேவிஸ் என்ற சிறுவர் உளமருத்துவர். முதலில் அதற்கு அவர் இட்ட பெயரில் 'சோல்' என்ற சொல் இருந்தது. கறுப்பினத்தவர் தம் இசைக்கும் உணவுக்கும் வழங்கிய சொல் அது. 1986இல் அச்சோஸ், குளோறொக்ஸ் கம்பனியின் கிங்ஸ்போர்ட் பிரிவுக்கு விற்கப்பட்டது. பகுதியின் பெயரும் இனத்தின் சொல்லும் போத்தலில் ஏறிச் சந்தைக்குப் போகலாம். பகுதி மட்டும் 'சரியில்லாத இடமாக' இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும்! கறுப்பினத்தவரே நெடுங்காலம் முன்னின்று வளர்த்த இக்கலையின் பொதுக்கதையிலிருந்து, கடந்த சில தசாப்தங்களில் உணவு ஊடகங்கள் அவர்களை ஓரங்கட்டியமையை ஏட்றியன் மில்லர் 2021இல் வெளியான தமது நூலில் எடுத்துரைத்துள்ளார். கன்சாஸ் சிற்றியின் விவாதத்தை அந்நூலோடு சேர்த்துப் படிப்பது பயன்தரும்.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். சுவை தனிமனித விருப்பம், அதிலே சமூகவியலைப் புகுத்துவானேன் என்பது ஒன்று. சமூகவியலை அங்கே புகுத்தியோர் பட்டியலிடுவோரே. அவர்கள் நாவைப்பற்றி மட்டும் எழுதியிருந்தால் இவ்வாதத்துக்கு இடமேயில்லை. மற்றையது, குற்றச்செயல்கள் உண்மையில் நிகழ்கின்றனவே, எச்சரிப்பது தவறா என்பது. நிகழ்கின்றனதான். அவற்றால் முதலிலும் மிகுதியாகவும் துன்புறுவோர் அங்கேயே வாழும் மக்கள். நண்பகலில் வந்து விலாவிறைச்சி வாங்கிப்போவோர் அல்லர். எச்சரிப்போரின் அக்கறை எப்போதும் வருவோரைப் பற்றியதாகவே இருக்கின்றது. இருப்போரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதிய உணவுப் பட்டியலைக் காண்பது அரிது.

தென்புறப் புறநகர்களிலிருந்து பிரயன்ற்றின் கடைக்கு வருவோருக்கு 71ஆம் இலக்க நெடுஞ்சாலை இப்போது வசதியாக உள்ளது. 1950களில் திட்டமிடப்பட்டு, வழக்குகளால் நீண்டு, 2001இல் நிறைவெய்திய அந்நெடுஞ்சாலை ட்றூஸ்ற்றுக்குக் கிழக்கேயுள்ள குடியிருப்புகளை ஊடறுத்துச் செல்கின்றது. அதற்காக ஆயிரக்கணக்கானோர் தம் வீடுகளை விட்டு அகன்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 'இடம் சரியில்லை' என்று கூறிக்கொண்டு, இறைச்சிப் பொட்டலம் ஆறுமுன் வீடு திரும்புவோரின் கார்கள் அவ்வீடுகள் நின்ற நிலத்தின் மேலேயே ஓடுகின்றன.